ஓடத்துக்கும் வழி வேண்டும்

கொல்கத்தாவுக்குப் படிக்க வரும் தமிழ் மாணவன் வீட்டுக்குச் சொல்லும் முதல் செய்தியில் ஹவுரா பாலம் இடம் பெறாமல் இருப்பதில்லை. சென்னை மெயிலை விட்டு இறங்கிப் பெட்டியும் பையுமாக நிலையத்தின் வாயிலுக்கு வந்தால், முதலில் கண்ணை நிறைப்பது அந்த இரும்பு மலைதான். எனக்கும் அப்படியே. ஆனால் இரண்டு ஆண்டுகளாக ஹவுராப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, நாள்தோறும் படகில் ஆற்றைக் கடந்து வகுப்புக்குப் போய் வருகிறவன் நான். பாலத்தின் மேல் நடப்பவர்களுக்கும் பாலத்தைக் கீழிருந்து பார்ப்பவனுக்கும் கருத்து வேறுபடுவது இயல்பு. அந்த வேறுபாட்டைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹூக்ளி ஆற்றின் அடியில் மெட்ரோ ரெயில் ஓடத் தொடங்கியது. நம் நாட்டில் ஓர் ஆற்றுக்கு அடியில் ஓடும் முதல் மெட்ரோ அது. ஆற்றுக்குக் கீழுள்ள 520 மீட்டர் சுரங்கத்தை முக்கால் நிமிடத்தில் கடந்துவிடுகிறது. அது முதல் நம் சங்கத்து நண்பர்கள் கூடும் இடத்திலெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. “மேலே பாலம், கீழே மெட்ரோ. இனி நடுவிலே படகு எதற்கு?” என்கிறார்கள். கேட்பவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் அல்லர். பொறியியல் படித்தவர்களும் பொருளாதாரம் படித்தவர்களும் கேட்கிறார்கள். ஆகவே சிரித்துவிட்டுப் போகாமல் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

என் விடை இது: படகு வேண்டும். பழமையின் மீதுள்ள பற்றினால் இதைச் சொல்லவில்லை. ஆற்றைக் குறுக்கே கடக்கும் வழியும், ஆற்றின் போக்கிலேயே செல்லும் வழியும் ஒன்றுக்கொன்று பகையாக இருக்கத் தேவையில்லை. இதை இந்த ஊர் 150 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. இரண்டுக்கும் இடம் கொடுத்தே தன் பாலங்களைக் கட்டியது. அந்த அறிவை நாம் இன்று நழுவ விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே என் வழக்கு.

முதலில் ஆற்றின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஹூக்ளி என்பது கங்கையின் மேற்குக் கிளை. மேல்பகுதியில் பாகீரதி என்று பெயர். கடலிலிருந்து கொல்கத்தாத் துறைமுகத்துக்கு வர ஒரு கப்பல் ஆற்றின் வழியே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வரவேண்டும். இத்தனை தூரம் உள்ளே வந்தும் கப்பல்கள் வந்தன என்றால், காரணம் வாணிகம். போர்ச்சுக்கீசியர் ஹூக்ளி நகரிலும், டச்சுக்காரர் சின்சுராவிலும், பிரெஞ்சுக்காரர் சந்தன்நகரிலும், டேனியர் ஸ்ரீராம்பூரிலும், ஆங்கிலேயர் 1690 முதல் கல்கத்தாவிலும் குடியேறினார்கள். ஐரோப்பாவின் ஐந்து நாட்டார் ஒரே ஆற்றங்கரையில் அடுத்தடுத்துக் கடை விரித்தார்கள் என்றால், அந்த ஆறு எவ்வளவு பெரிய நெடுஞ்சாலையாக இருந்திருக்க வேண்டும்!

அது எளிய சாலையும் அன்று. வண்டல் மண்ணைச் சுமந்து வரும் ஆறு ஆதலால், இன்று ஆழமாக உள்ள இடம் நாளை மேடாகும். ஐரோப்பியர் வருவதற்கு முன்பு புகழ்பெற்றிருந்த சப்தகிராமம் என்னும் துறைமுகம், சரசுவதி என்ற கிளை தூர்ந்து போனதால் அழிந்தது. ஆற்றில் ‘ஜேம்ஸ் அண்டு மேரி’ என்று ஒரு மணல்திட்டு இருக்கிறது. 1694இல் அங்கே முழுகிய ஒரு கப்பலின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இந்த ஆற்றில் பயிற்சி பெற்ற வழிகாட்டி இல்லாமல் கப்பலைக் கொண்டு வரத் துணிபவர் இல்லை. நான் நிலவியல் மாணவன். கல்லையும் மண்ணையும் படிப்பவன். ஆறு என்பது நீர் மட்டும் அன்று, நடந்து செல்லும் நிலமும்கூட என்பதை ஹூக்ளியைப் போல எனக்குக் கற்பித்த ஆசிரியர் வேறு இல்லை.

1854 ஆகஸ்டு 15ஆம் நாள் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரெயில் ஓடிற்று. ரெயில் நிலையம் மேற்குக் கரையில். நகரமோ கிழக்குக் கரையில். இடையே பாலம் இல்லை. என்ன செய்தார்கள்? கிழக்கிந்திய ரெயில்வேயார் சீட்டு விற்கும் இடத்தையே கிழக்குக் கரையில் ஆர்மீனியன் காட் என்னும் படகுத்துறையில் வைத்தார்கள். பயணி அங்கே சீட்டு வாங்கி, படகில் ஏறி, அக்கரையில் இறங்கி ரெயிலில் அமர்ந்தான். 1854 முதல் 1874 வரை இருபது ஆண்டுகள் இந்த ஏற்பாடு நடந்தது. படகுத்துறையும் ரெயில் நிலையமும் ஒரே நிலையத்தின் இரு பாதிகளாக இருந்தன. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் முடிவில் இது தேவைப்படும்.

ஊர் வளர்ந்தது, பாலம் வேண்டும் என்ற குரலும் வளர்ந்தது. 1855-56இல் ஒரு குழு ஆராய்ந்தது. சில ஆண்டுகளில் எண்ணம் கைவிடப்பட்டது. 1868இல் மீண்டும் எழுந்தது. 1871இல் சட்டம் இயற்றப்பட்டது. சர் பிராட்ஃபோர்டு லெஸ்லி என்னும் பொறியாளர் ஒரு மிதவைப் பாலம் அமைத்தார். உறுப்புகள் இங்கிலாந்தில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்து இங்கே கூட்டப்பட்டன. நீளம் 1528 அடி. அகலம் 62 அடி. 1874 மார்ச்சில், வேலை முடியும் முன்பே பெரும் புயல் ஒன்று வந்தது. கட்டறுந்து வந்த ‘எஜீரியா’ என்ற நீராவிக் கப்பல் பாலத்தின் மேல் மோதி மூன்று மிதவைகளை முழுகடித்தது. அதையும் சீர்செய்து, அதே ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் திறந்தார்கள்.

“வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும், ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும்” என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்தப் பாலத்தில் வண்டி ஒரு நாள் மட்டுமா ஓடத்தில் ஏறிற்று? 69 ஆண்டுகள் நாள்தோறும் ஏறிற்று! மிதக்கும் ஓடங்களின் முதுகின்மேல்தான் கல்கத்தாவின் மாட்டு வண்டிகளும், குதிரை வண்டிகளும், பிற்காலத்து மோட்டார்களும் சென்றன.

ஆனால் நான் வியப்பது அதையன்று. அந்தப் பாலத்தின் நடுவே 200 அடி அகலத்துக்கு ஒரு பகுதி கழற்றக்கூடியதாக இருந்தது. கப்பல் வரும் வேளையில் அந்தப் பகுதியை விலக்கி வழி விடுவார்கள். அப்போது இருகரையிலும் வண்டிகள் காத்து நிற்கும். முதலில் பகலில் மட்டுமே திறந்தார்கள். அதனால் சாலையில் நெருக்கடி மிகுந்தது. 1906 ஜூன் முதல், கடலோடும் பெருங்கப்பல்கள் ஒழிந்த மற்றக் கலங்களுக்கு இரவில் திறக்கும் வழக்கம் வந்தது. அதே ஆண்டு எடுத்த கணக்கில், பாலத்தின் மேல் சென்ற வண்டிகளில் பதின்மூன்றுக்கு எட்டு மாட்டு வண்டிகள் என்று கண்டார்கள். மாடு காத்து நின்றது, கப்பல் சென்றது. பிறகு கப்பல் காத்து நின்றது, மாடு சென்றது. நேரத்தைப் பங்கிட்டுக்கொண்ட உடன்படிக்கை அது. இருவருக்கும் முழு மனநிறைவு இல்லை. ஆனால் இருவருக்கும் வழி இருந்தது.

ஊர் மேலும் பெருகவே, இந்த உடன்படிக்கை போதாதாயிற்று. 1921இல் சர் ஆர். என். முகர்ஜி தலைமையில் பொறியாளர் குழு ஒன்று புதுப் பாலத்தைப் பற்றி ஆராய்ந்தது. 1926இல் புதுச் சட்டம் வந்தது. பல யோசனைகளுக்குப் பிறகு, இன்று நாம் காணும் பாலம் எழுந்தது. அதன் அமைப்பை அறிவியல் மாணவர்கள் ஒரு முறையேனும் நின்று கவனிக்க வேண்டும். இரு கரைகளிலும் 280 அடி உயரமுள்ள இரு கோபுரங்கள். அவற்றுக்கு இடையே உள்ள தூரம் 1500 அடி. ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் 468 அடி நீளமுள்ள ஒரு கை ஆற்றின் மேல் நீள்கிறது. இரண்டு கைகளுக்கும் நடுவே 564 அடி நீளமுள்ள துண்டு தொங்குகிறது. கூட்டிப் பாருங்கள், 1500 சரியாக வரும். சாலையோ மேலிருந்து தொங்கும் இரும்புத் தொங்கல்களால் தாங்கப்படுகிறது. ஆற்றின் நடுவே ஒரு தூண்கூட இல்லை!

இதற்கான எஃகு ஏறத்தாழ 26,500 டன். அதில் 23,000 டன் ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலையில் வார்த்தது. கோபுர அடித்தளத்துக்கான பெருங்கூடுகளை மண்ணில் இறக்கும்போது, ஓர் இரவு அடிமண் திடீரென இளகி, முழுக் கூடும் இரண்டடி கீழே போயிற்றாம். அந்த அதிர்ச்சியைக் கிதர்ப்பூரில் இருந்த நிலநடுக்கக் கருவி நில அதிர்ச்சியாகவே பதிவு செய்தது என்பார்கள். வண்டல் மண்ணில் அடித்தளம் இடுவது எத்தகைய வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1943 பிப்ரவரியில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், ஜப்பானியர் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஆரவாரம் இல்லாமல் பாலத்தைத் திறந்தார்கள். 1965இல் தாகூரின் பெயரால் ‘ரவீந்திர சேது’ என்று பெயரிட்டார்கள். மக்கள் நாவில் இன்றும் அது ஹவுரா பாலம்தான்.

பழைய பாலம் நேரத்தைப் பங்கிட்டது. புதிய பாலம் இடத்தைப் பங்கிட்டது. மேலே வண்டி, கீழே கலம். ஒன்றுக்காக மற்றொன்று காத்து நிற்க வேண்டாம். 1992இல் இதற்குத் தெற்கே திறக்கப்பட்ட வித்யாசாகர் சேதுவும் இதே முறையைப் பின்பற்றிற்று. கம்பிவடங்களால் தாங்கப்படும் அந்தப் பாலத்தின் நடு இடைவெளி 457 மீட்டர். 1500 அடியை மீட்டரில் மாற்றினால் அதே எண்தான் வரும். சாலைக்குச் செய்த சிறப்பு மட்டுமன்று இது, ஆற்றுக்குக் காட்டிய மரியாதையும் ஆகும்.

அந்த மரியாதை இன்று எவ்வாறு இருக்கிறது? பாலங்கள் நிற்கின்றன. அவை யாருக்காக விலகி நின்றனவோ அந்தக் கலங்கள் குறைந்துவிட்டன. இதற்குப் பாலம் மட்டும் காரணம் அன்று. 1830களில் கல்கத்தாவிலிருந்து அலகாபாத்துக்கு நீராவிப் படகுகள் சென்றன. கோடையில் பாகீரதி வற்றிவிடும். அப்போது சுந்தரவனத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அதனால் நாளும் செலவும் மிகும். ரெயில் வந்ததும் அந்தப் போக்குவரத்து தளர்ந்தது. கடற்கப்பல்கள் பெரியனவாக வளர வளர, ஆற்றின் ஆழம் அவற்றுக்குப் போதவில்லை. ஆகவே கடலுக்கு அருகில் ஹால்தியாவில் 1977இல் புதிய கப்பல்துறை அமைந்தது.

மேலே நிலையான பாலம் கட்டினால் ஓர் எல்லையும் வந்துவிடுகிறது. மிதவைப் பாலம் திறக்கும்; எஃகுப் பாலம் திறக்காது. 2005 ஜூன் 24ஆம் நாள், ஓதம் ஏறியிருந்த வேளையில் ஹவுரா பாலத்துக்கு அடியில் செல்ல முயன்ற ஒரு சரக்குக் கப்பலின் புகைபோக்கி பாலத்தின் அடியில் சிக்கி மூன்று மணி நேரம் நின்றது. பாலத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ரூபாய் சேதம். ஆற்றின் மட்டம் நாளுக்கு இரு முறை ஏறி இறங்குகிறது. பாலத்தின் உயரமோ என்றும் ஒன்றே. பாலம் கட்டுகிறவர் ஒரு நாள் முடிவு செய்யும் உயரம், அடுத்த நூறு ஆண்டுகளுக்கு ஆற்றில் எந்தக் கலம் செல்லலாம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. இதனால்தான் ஆற்றில் செல்வோரைக் கேட்காமல் பாலம் கட்டக் கூடாது என்கிறேன்.

ஆற்றை உயிர்ப்பிக்கும் முயற்சியும் நடந்தது. இந்த இடத்தில் நமக்கு மிகவும் தெரிந்த ஒருவர் வருகிறார். அவர் சர் ஆர்தர் காட்டன். முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே 1830களில் மேலணையைக் கட்டியவர். நான் முக்கொம்புக்குப் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அவர் பெயரை நன்றியோடு சொல்வார்கள். காவிரிக் கரையில் புகழ் பெற்ற அந்த மனிதர், கங்கையின் குறுக்கே ஓர் அணை கட்டி ஹூக்ளிக்கு நீரைத் திருப்பலாம் என்று 1850களிலேயே எழுதினார் என்று இங்கே வந்துதான் அறிந்தேன். இந்தியாவுக்கு ரெயிலைக் காட்டிலும் நீர்வழிகளே மலிவு என்று வாழ்நாள் முழுதும் வாதாடியவரும் அவரே. அன்று அவர் பேச்சு எடுபடவில்லை. நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1975இல், ஃபராக்காவில் அணை இயங்கத் தொடங்கியது. நொடிக்கு 40,000 கன அடி நீரை ஒரு கால்வாய் வழியே பாகீரதிக்குத் திருப்பி, துறைமுகத்து வண்டலை அடித்துச் செல்ல வைப்பது நோக்கம்.

நோக்கம் முழுதும் நிறைவேறிற்று என்று சொல்ல முடியாது. இன்றும் ஹூக்ளியில் மண் வாரும் வேலை ஓயவில்லை. நீர்ப் பங்கீடு இரு நாடுகளுக்கு இடையே வழக்காகி, 1996இல் வங்கதேசத்தோடு 30 ஆண்டு உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. வங்காளிகள் உயிராய்க் கருதும் இலிஷ் மீன், முன்பு கடலிலிருந்து அலகாபாத்துக்கு அப்பாலும் ஏறிச் சென்றது. அணை வந்த பிறகு அதன் வழி அடைபட்டது. ஒரு பயனுக்காக ஆற்றில் கை வைத்தால் பத்து விளைவுகள் கிளம்பும் என்பதற்கு ஃபராக்கா ஒரு பாடம்.

இதைப் படிக்கும் வங்காளி நண்பர் யாரேனும், “தமிழர்கள் எங்கள் ஆற்றைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே, உங்கள் ஊரில் எப்படி?” என்று கேட்கலாம். கேட்டால் தலை குனிய வேண்டியதுதான். ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை கடற்கரையை ஒட்டி ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளத்துக்கு உப்புநீர்க் கால்வாய் இருக்கிறது. அதுவே பக்கிங்காம் கால்வாய். 1806இல் தொடங்கிப் படிப்படியாக நீட்டினார்கள். 1877-78 பஞ்சத்தின்போது பசித்த மக்களுக்குக் கூலி கொடுத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். விறகும் உப்பும் அதன் வழியே படகுகளில் சென்னைக்கு வந்தன. 1965, 1966 ஆண்டுகளின் புயல்களுக்குப் பிறகு அது சீர்குலைந்தது. பின்பு 1990களில் சென்னையில் பறக்கும் ரெயில் பாதை அமைத்தபோது, அதன் தூண்களைக் கால்வாயின் உள்ளேயே நாட்டினார்கள். ஹூக்ளியின் நடுவே ஒரு தூணும் வரக்கூடாது என்று எண்ணினார்கள் அந்தக் காலத்துப் பொறியாளர்கள். பஞ்சத்தில் வெட்டிய கால்வாயின் வயிற்றிலேயே தூண் நாட்டினோம் நாம். 2008இல் அதே கால்வாயைத் தேசிய நீர்வழி 4இன் ஒரு பகுதியென்று அறிவித்தோம்! நீர்வழி என்று பெயர் சூட்டினால் போதுமா? தூண்களைத் தாண்டிப் படகு எப்படிப் போகும்?

இனி, படகு வேண்டாம் என்பவர்களின் வாதங்களைப் பார்ப்போம்.

“படகு மெதுவானது” என்கிறார்கள். உண்மை. முக்கால் நிமிடத்தில் படகு ஆற்றைக் கடக்காது. ஆனால் வீட்டுப் படியிலிருந்து வகுப்பறைப் படி வரை எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். பாலத்தின் மேல் காலையில் பேருந்து நகரும் வேகத்தை நம்மில் அறியாதவர் யார்? மெட்ரோ தன் நிலையங்களுக்கு இடையே மட்டும் ஓடும். ஆற்றங்கரையிலோ வடக்கும் தெற்குமாகப் பல துறைகள் உள்ளன. பாலம் ஓரிடத்தில் கடக்க வைக்கிறது. படகு எந்தத் துறையிலிருந்தும் எந்தத் துறைக்கும் கொண்டு சேர்க்கக் கூடியது.

“படகு ஆபத்தானது” என்கிறார்கள். 2017 ஏப்ரலில் ஹூக்ளி மாவட்டத்துத் தெலினிபாராவில் படகுத்துறையின் மூங்கில் மேடை இடிந்து பலர் ஆற்றில் மாண்டார்கள். இந்தத் துயரத்தை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அன்று முழுகியது படகன்று, இடிந்தது மேடை. ‘பான்’ என்று வங்காளிகள் அழைக்கும் ஓத அலை இந்த ஆற்றில் வருவது எல்லாரும் அறிந்ததே. அதற்குத் தாங்காத மேடையை மக்கள் கூட்டத்துக்குக் கொடுத்தது ஆற்றின் குற்றமா? பாலத்துக்கு 26,500 டன் எஃகு கொடுத்த ஊர், படகுத்துறைக்கு மூங்கிலைக் கொடுத்தது. பின்பு மூங்கில் ஒடிந்ததும், படகே ஆகாது என்கிறோம்.

“படகு பொருளாதாரத்துக்குப் பொருந்தாது” என்கிறார்கள். உள்நாட்டு நீர்வழித் துறையினர் எடுத்துக்காட்டும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒரு குதிரைத்திறன் சாலையில் 150 கிலோ எடையை இழுக்கும். ரெயில் பாதையில் 500 கிலோ. நீரில் 4000 கிலோ. நீரில் மெதுவாகச் செல்லும் கலத்துக்குத் தடை குறைவு. ஆதலால் இது வியப்பன்று. சரக்கு நிறைய இருக்க வேண்டும், அவசரம் இருக்கக் கூடாது, ஆற்றில் ஆழம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவது அறிவியல் மாணவனுக்கு அழகன்று. ஆயினும் கரியும் மணலும் சிமெண்டும் சாம்பலும் அவசரப்படும் பொருள்களா? ஹால்தியாவிலிருந்து அலகாபாத் வரை 1620 கிலோமீட்டர் நீர்வழியை 1986இல் தேசிய நீர்வழி 1 என்று அறிவித்ததும், 2018 நவம்பரில் கொல்கத்தாவிலிருந்து வாரணாசிக்குச் சரக்குப் பெட்டிகளோடு கலம் சென்றதும் இந்தக் கணக்கின் அடிப்படையில்தான்.

இவை எல்லாவற்றிலும் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரே வழியை நம்பி வாழும் ஊர், அந்த வழி அடைபட்டால் என்ன செய்யும்? ஹவுரா பாலத்துக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பாலத்தின் மேல் நடப்பவர்கள் துப்பிய வெற்றிலைச் சாறும் புகையிலைச் சாறும் தொங்கல்களின் அடியிலுள்ள எஃகு மூடிகளை அரித்து, ஆறு மில்லிமீட்டர் தடிப்பைப் பாதியாக்கிவிட்டன. பிறகு கண்ணாடியிழை உறை போட்டு மூட வேண்டியதாயிற்று. போருக்கு அஞ்சாத பாலம் வெற்றிலைக்கு அஞ்ச நேர்ந்தது! பாலத்தைப் பாதுகாக்க வேண்டுமானால் அதன் சுமையைக் குறைக்க வேண்டும். சுமையைக் குறைக்க வேண்டுமானால் ஆற்றிலும் வழி இருக்க வேண்டும். படகு பாலத்துக்குப் பகையன்று. முதிய பாலத்துக்குத் தோள் கொடுக்கும் தம்பி.

“ஆறு கடக்கும் வரையில் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார், நான் யார்?” என்பார்கள் நம் ஊரில். படகுக்காரருக்கு இந்த ஊர் செய்து வருவது இதுவே. இருபது ஆண்டுகள் ரெயிலுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த படகை, பாலம் வந்ததும் மறந்தது. பாலம் நெருக்கடியானபோது மீண்டும் நினைத்தது. மெட்ரோ வந்ததும் மறுபடி மறக்கப் பார்க்கிறது. காலையில் நான் ஏறும் படகில் கயிறு வீசும் பெரியவரை நாங்கள் எல்லாரும் ‘தாதா’ என்போம். அண்ணா என்று பொருள். மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு அவர் ஒரு நாள் என்னிடம், “நீங்களும் கீழே போய்விடுவீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். நான் ஒருவன் போகாமல் இருப்பதால் அவர் பிழைப்பு நிலைத்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். திட்டமிடுவோர் மனம் வைத்தால்தான் நிலைக்கும்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். முதலாவது, சீட்டு ஒன்றாக வேண்டும். 1854இல் படகுத்துறையில் ரெயில் சீட்டு விற்க முடிந்தது. இன்று ஒரே சீட்டில் படகும் மெட்ரோவும் பேருந்தும் ஏற வழி செய்வது கடினமா? இரண்டாவது, துறைகள் உறுதியாக வேண்டும். ஓதத்தோடு ஏறி இறங்கும் மிதவை மேடைகளும், இரவு விளக்கும், உயிர்காப்பு மிதவைகளும் ஒவ்வொரு துறையிலும் இருக்க வேண்டும். 2021 சனவரியில் மேற்கு வங்கத்தின் உள்நாட்டு நீர்ப் போக்குவரத்துக்காக உலக வங்கியோடு 10.5 கோடி டாலர் கடன் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அந்தப் பணம் பெரிய துறைகளோடு நின்றுவிடாமல் சிறு துறைகளுக்கும் சென்று சேர வேண்டும். மூன்றாவது, இனி எந்த ஆற்றின் மேலும் பாலம் கட்டும்போது, அந்த ஆற்றில் இன்று செல்லும் கலத்தை மட்டும் கணக்கில் கொள்ளாமல், நாளை செல்லக்கூடிய கலத்தையும் எண்ணி உயரமும் இடைவெளியும் வகுக்க வேண்டும். கொல்கத்தாவுக்கு மட்டும் சொல்லவில்லை. சென்னைக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நாம் இங்கே படிக்க வந்தவர்கள். ஊரை ஆள வந்தவர்கள் அல்லர். ஆயினும் இந்த ஊரின் சோற்றை உண்கிறோம். இதன் ஆற்றைக் கடக்கிறோம். நம்மில் பொறியியல் படிப்பவர்கள் நாளை பாலங்களை வரையப் போகிறவர்கள். பொருளாதாரம் படிப்பவர்கள் அவற்றுக்குப் பணம் ஒதுக்கும் இடத்தில் அமரப் போகிறவர்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஹவுராத் துறையிலிருந்து பாபுகாட் வரை ஒரு முறை படகில் வாருங்கள். துறை மேடையில் எத்தனை பலகை உடைந்திருக்கிறது என்று எண்ணுங்கள். படகில் வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், ஏன் பாலத்தை விட்டுப் படகில் வருகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேரைக் கேட்டு எழுதினால், அதுவே நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பேசத்தக்க பொருளாகும். உரிய அதிகாரிகளுக்கு அனுப்பத்தக்க விண்ணப்பமும் ஆகும். படகு எதற்கு என்று கேட்ட நண்பர்களே முதலில் வரவேண்டும். படகுச் சீட்டுக்கு ஆகும் காசை நான் கொடுக்கிறேன்.